மரங்களுக்கு ஈடாக ஒரு கூரை

ஏப்ரல் 3

விளையாட்டரங்கக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

‘தம்பி’ என்று தொடங்கக் கை வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதம் முடியும்வரை நீங்கள் ‘நீங்கள்’தான்.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பார், கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர். காரியம் இது: நேற்று நடுப்பகலில் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் போனது. தெருவுக்கு எதிரே, கூரை முழுக்கச் சூரியத் தகடுகளை வேய்ந்துகொண்டு நிற்கும் உங்கள் அரங்கத்திலும் போனது.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. உங்கள் தகடுகள் மின்னிய மின்னலில் என் வரவேற்பறைத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டியிருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே உள்விளையாட்டுக் கூடத்திலிருந்து பெண்கள் பந்தும் மட்டையும் கையுமாகச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவ்வளவு வெயிலின் அடியில் அவ்வளவு இருட்டை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் குடியிருக்கும் டிராயிங் மாஸ்டரை உங்களுக்குத் தெரியும். நுரையீரல் பழுதுபட்டு, ஆக்ஸிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விடுகிறவர். அவர் மனைவி மாடிப்படியில் ஓடி வந்தாள்.

“அக்கா, மிஷின் நின்னுபோச்சு. ஸ்டேடியம் கரண்டு எப்பக்கா வரும்?”

“இதோ வந்துடும்” என்றேன். சொல்லிவிட்டு, பைத்தியக்காரி போல உங்கள் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வீட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த ஒரே சிலிண்டரும் தீரும் நேரத்தில்தான் ஆம்புலன்ஸ் வந்தது. மாஸ்டரை நாற்காலியில் உட்காரவைத்து வாசற்படியில் இறக்கினார்கள். உதடு நீலமாகியிருந்தது. மருத்துவமனையில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

போன வருடம் என் வீட்டுக்கு வந்து, உங்கள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “அண்ணி, வாசல்ல இருக்கிற ஆறு மரமும் என் சோலார் மேல நிழல் போடுது. நீங்க மரத்தைக் கொடுங்க, நான் கரண்டைக் கொடுக்கிறேன். ஊரே இருட்டா கிடந்தாலும் உங்க தெரு எரியும்.” அதை நம்பி வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூலையில் இருக்கும் தையல்காரர் மட்டும் “மரத்தை வெட்டிட்டா மத்தியானம் எங்க உட்கார்ந்து காஜா எடுக்கிறது?” என்று மறுத்தார். அவரையும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். மாஸ்டர் மனைவி இன்வெர்ட்டர் வாங்கக் கிளம்பியபோது, “எதுக்கு வீண் செலவு? என் கொழுந்தன் வாக்குக் கொடுத்திருக்கார்” என்று தடுத்தவளும் நான்தான்.

மரங்கள் போய்விட்டன. என்னிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. தெரிந்து பொய் சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? ஒரு வார்த்தையில் பதில் போதும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பேச்சில் நீங்கள் வழுக்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

முயல் எழுதுவது. ஆமாம், அண்ணன் எனக்கு வைத்த பெயர்தான். அதைப் பார்த்தாவது உங்கள் கோபம் ஒரு படி இறங்காதா என்ற ஆசை. ‘தலைவர் அவர்களுக்கு’ என்ற வரியைப் பார்த்ததும் யாருக்கோ போக வேண்டிய கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்திலிருந்து தப்பி எங்கே போவது?

உங்கள் கடிதத்தைத் தலைமை அலுவலகத்தில் இருந்து இங்கே அனுப்பி வைத்தார்கள். குழுவின் சார்பில் அரங்கங்களைப் பார்வையிட நாலு நாடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் விஷயம் கேட்டு மனசு கலங்கிப்போனது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. அன்று நடந்தது ஏதோ சின்னக் கோளாறு, அண்ணி. புதுக் கட்டடத்தில் குழாய் ஒழுகுவதில்லையா? அதுபோல. நான் வந்ததும் சரிசெய்யச் சொல்கிறேன்.

இங்கே பார்த்ததையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கடலோரத்தில் ஒரு அரங்கம். கூரைத் தகடுகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து போகின்றன. ஆட்டம் இல்லாத நாட்களில் சுற்றுப்பட்ட வீடுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் மின்சாரம். மலைமேல் இன்னொன்று. பனி தங்காமல் வழுக்கி விழட்டும் என்று தகடுகளைச் செங்குத்தாகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். மூன்றாவதைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனேன். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே குளுகுளு அறை. நூலகம் மாதிரி அலமாரிகள். புத்தகத்துக்குப் பதில் பழைய மின்சாரக் கார்களில் இருந்து கழற்றிய பேட்டரிகள். பகலில் குடித்த வெயிலை ராத்திரி ஆட்டத்துக்கு விளக்காக எரிக்கிறார்கள். வெளியே மின்சாரம் போனால்கூட உள்ளே ஒரு பல்பு கண் சிமிட்டாதாம்!

நம் அரங்கமும் இந்த வரிசையில் நிற்கப் போகிறது, அண்ணி. அடுத்த மாதம் மந்திரி வந்து முறைப்படி திறந்துவைக்கிறார். உங்களுக்கு முன்வரிசை.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தைக்கு: கோளாறு.

என்றும் உங்கள்
முயல்


ஏப்ரல் 23

தலைவர் அவர்களுக்கு,

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நீங்கள் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

கோளாறு எங்கே என்று நேரில் பார்க்கலாமென்று அரங்கத்துக்குப் போனேன். உங்கள் மேலாளர் நல்ல மாதிரி. தலைவரின் அண்ணி என்று சொல்லிக்கொள்ளாமல், தெருச் சங்கத்தின் செயலாளர் என்றுதான் அறிமுகம் செய்துகொண்டேன். அன்றைக்கு என்ன பழுது என்று கேட்டேன்.

“பழுதே இல்லைம்மா. கரண்டு போனா சோலாரும் தானா ஆஃப் ஆயிடும். அதோட டிசைனே அப்படித்தான்.”

“வெயில்தான் கொளுத்துகிறதே?”

“வெயில் இருக்கும்மா. ஆனா வெளி லைன்ல கரண்டு இருந்தாத்தான் இது ஓடும். இல்லேன்னா நம்ம கரண்டு வெளிய பாஞ்சு, கம்பத்துல ஏறி ரிப்பேர் பாக்கிறவனை அடிச்சிடும்ல?”

கம்பத்தில் ஏறுகிறவர் சாகக் கூடாது. அந்தக் காரணத்தில் எனக்குக் குறையில்லை. மேலே கேட்டேன். வெளி இணைப்பைத் துண்டித்துக் கட்டடத்தைத் தனியே பிரிக்க ஒரு சாதனமும், கூடவே பேட்டரியும் இருந்தால் தடையின்போதும் ஓட்டலாமாம். கம்பத்துக்காரருக்கும் ஆபத்தில்லை, நோயாளிக்கும் ஆபத்தில்லை. அதெல்லாம் நம்முடைய திட்டத்தில் இல்லையா என்றேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு மேற்குப் படிக்கட்டின் அடியில் ஒரு கதவைத் திறந்து காட்டினார்.

கதவில் ‘பேட்டரி அறை’ என்று அழகாக எழுதியிருக்கிறது. உள்ளே குளிர்சாதனம்கூடப் பொருத்தியிருக்கிறார்கள். அலமாரி அலமாரியாக, நீங்கள் அந்த மூன்றாவது அரங்கத்தில் கண்டது போலவே. அவற்றில் இருப்பவை மட்டும் வேறு: முக்கியப் பிரமுகர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கான வெல்வெட் உறைகள். மடித்து அடுக்கி, பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள்.

“பேட்டரிக்குப் பதிலாப் பெரிய ஸ்கிரீன் வாங்கிட்டாங்கம்மா. கமிட்டி முடிவு” என்றார்.

அந்தத் திரையை என் பால்கனியிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஆள் இல்லாத மைதானத்துக்கு யாரோ ஒரு நடிகர் பல் விளக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, கோளாறு அரங்கத்தில் இல்லை. கடல் கடந்து போய்ப் பிறர் வீட்டுப் பேட்டரி அறையைப் பார்த்து வாயைப் பிளந்த மனிதருக்கு, தம் வீட்டுப் பேட்டரி அறையில் வெல்வெட் உறை இருப்பது நினைவுக்கு வரவில்லையா? கேள்வி அப்படியே இருக்கிறது. தெரிந்தா, தெரியாமலா?

மாஸ்டர் வீடு திரும்பிவிட்டார். இன்வெர்ட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோடையில் எல்லோரும் கேட்பதால் கடைக்காரர் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறார். மின்சாரம் போனால் வாடகைச் சிலிண்டரில் ஓடுகிறது பொழுது. மாஸ்டர் மனைவி என்னிடம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. மாடிப்படியில் எதிரே பார்த்தால் “சாப்பிட்டீங்களா அக்கா?” என்கிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தெருச் சங்கச் செயலாளர்


மே 1

அண்ணி,

ஊர் திரும்பிவிட்டேன். என்னிடம் கேட்காமல் நீங்கள் மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் இப்போது என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார்.

சரி, நீங்கள் விடப்போவதில்லை. சொல்கிறேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தபோது பேட்டரி திட்டத்தில் இருந்தது. பிறகு குழுவில் பேச்சு வந்தது. பெரிய திரை இல்லாத அரங்கத்துக்குப் பெரிய ஆட்டம் எதுவும் வராது என்றார்கள். பேட்டரியை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தகடு இருக்கிறது, வெயில் இருக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். பேட்டரி இல்லாவிட்டால் மொத்தமும் படுத்துவிடும் என்று எவனும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. நான் ஓட்டக்காரன், அண்ணி. எலக்ட்ரீஷியன் இல்லை.

நீங்கள் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். இந்தக் கூரையால் இந்த நகரம் எவ்வளவு நிலக்கரி எரிக்காமல் தப்பித்திருக்கிறது! அது பொய்யா? பத்திரிகைகள் என்னைச் ‘சூரிய மனிதர்’ என்று எழுதுகின்றன. ஊரே கொண்டாடும்போது சொந்த அண்ணி ஆறு மரத்தையும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு என்னைக் கூண்டில் ஏற்றுகிறார். உண்மையில் உங்களுக்கு வருத்தம் மாஸ்டருக்காகவா, தெருவில் உங்கள் பேச்சு எடுபடாமல் போய்விட்டதே என்றா?

அண்ணன் இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பார்.

மே 15, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பு விழா. சூரியன் உச்சியில் இருக்கும் நேரமாக நானே பார்த்துக் குறித்தேன். அழைப்பிதழ் இத்துடன். வந்து உட்காருங்கள். குடும்பம் பிரிந்து கிடப்பதை நாலு பேர் பார்க்க வேண்டாம்.

தம்பி


மே 4

தம்பி,

இது தலைவருக்கு அல்ல, உனக்கு. ஆகவே ‘நீ’.

உன் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், என் பேச்சு போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஏன் இருக்கக் கூடாது? என் வார்த்தையை நம்பித்தான் ஒரு பெண் இன்வெர்ட்டர் கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவள் புருஷன் மூச்சுக்குத் தவித்தார். அந்தப் பேச்சுக்கும் அந்த மூச்சுக்கும் நடுவே நீ ஒரு கோடு போட்டுக் காட்டு, பார்க்கலாம். எனக்குத் தெரியவில்லை.

நிலக்கரி மிச்சமானது பொய் என்று நான் எங்கே சொன்னேன்? கூரை வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? அந்தக் கூரை வரட்டும் என்றுதானே என் தெருவின் நிழலைப் பிடுங்கி உன் கையில் கொடுத்தேன்! வாங்கிக்கொண்டவன் நீ. வாங்கியதற்கு ஈடு கொடுக்காமல் ஊரிடம் கைதட்டல் வாங்குகிறவனும் நீ.

எவனும் எடுத்துச் சொல்லவில்லையாம். நீ கேட்டாயா? வெல்வெட் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று குழு இரண்டு கூட்டம் போட்டுப் பேசியதாக மேலாளர் சொன்னார். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

உன் அண்ணன் புரிந்துகொண்டிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். இதே மைதானத்தில், இதே ஓடுபாதையில், கையில் துப்பாக்கியோடு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் நடுவராக நின்றவர் அவர். வெடிக்கும் முன்பே நீ பாய்ந்தாய். எச்சரித்தார். மறுபடியும் பாய்ந்தாய். தம்பி என்று பார்க்காமல் வெளியே அனுப்பினார். நீ ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக வந்தாய். நான் அவரிடம் உனக்காகச் சண்டை போட்டேன். “அவன் ஏமாத்தணும்னு ஓடலை. கைதட்டல் கேக்கிற அவசரம். ஆனா கோடு கோடுதான்” என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். கம்பி இழுக்கும் முன்பே மரத்தை வெட்டினாய். பேட்டரி வரும் முன்பே விழாவுக்கு நாள் குறித்தாய்.

இன்னும் ஒன்று. யாரையும் முதுகில் குத்தி எனக்குப் பழக்கமில்லை, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். கோடை முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பகுதிக்குப் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை மின்தடை என்று மின்வாரியம் அறிவித்திருக்கிறது. நீ சூரியனைப் பார்த்துக் குறித்தாய், மின்வாரியத்தைப் பார்க்கவில்லை. மந்திரி பொத்தானை அழுத்தும்போது உன் கூரை செத்துக் கிடக்கும். விழாவைத் தள்ளிவை. வெல்வெட்டை வெளியே எறிந்துவிட்டு, அந்த அறைக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறாயோ அதை உள்ளே வை. பிறகு மந்திரியைக் கூப்பிடு. நானே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன்.

அண்ணி


மே 9

அண்ணி,

மந்திரியின் நேரத்தை மாற்ற முடியாது. மின்தடை பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஏற்பாடு செய்துவிட்டேன். விழாவில் ஒரு விளக்குகூட அணையாது.

பாதுகாப்புக்காக அன்று காலையிலிருந்து உங்கள் தெருவை இரண்டு பக்கமும் அடைப்பார்கள். வெளியே போகும் வேலை இருந்தால் முன்னதாக முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் இருக்கை முன்வரிசையில் நடுவில். வந்தால் போதும். பேச வேண்டாம்.

தம்பி


மே 15

தலைவர் அவர்களுக்கு,

முறையான அறிவிப்பு: இன்று உங்கள் விழாவிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். திருடினேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

காலையில் ஒரு லாரி வந்தது. நீங்கள் சொன்ன ‘ஏற்பாடு’ அதிலிருந்து இறங்கியது. டீசல் ஜெனரேட்டர். அதை நிறுத்த இந்த நகரத்தில் வேறு இடமா கிடைக்கவில்லை? ஆறு மரங்கள் நின்ற இடத்தில், வெட்டிய அடிக்கட்டைகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். மந்திரி கண்ணில் படக் கூடாதென்று சுற்றிலும் துணி கட்டினார்கள். துணியில் சிரிக்கும் சூரியன் படம்! பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. சூரியன் படத்துக்குப் பின்னாலிருந்து கரும்புகை கிளம்பி என் பால்கனிக்கு வந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் “முழுக்க முழுக்கச் சூரிய ஒளியில் நடைபெறும் விழா” என்கிறார்கள். நான் இருமிக்கொண்டே கேட்டேன்.

மாஸ்டருக்குக் காலையில் வர வேண்டிய சிலிண்டர் வண்டியை உங்கள் பாதுகாவலர்கள் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ் இல்லையாம். அவர் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். நான் அதட்டிப் பார்த்தேன். “மேலிடத்து ஆர்டர்மா.” வீட்டில் இருந்த சிலிண்டரில் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டர்காரரிடம் போனேன். கீழ்வீட்டு ஜன்னலுக்கு ஒரு வயர் இழுக்கச் சொன்னேன்.

“ஐயோ அம்மா, என் வேலை போயிடும்.”

“கீழ்வீட்டுக்காரருக்கு மூச்சே போயிடும்.”

“நான் யாரைக் கேக்கிறது? தலைவர் மேடையில இருக்காரே.”

“என்னைக் கேளு. நான் தலைவரோட அண்ணி.”

“அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? வெயில்ல நிக்கிறீங்களே, நாற்காலி போடட்டுமா?”

உங்கள் பெயரைச் சொல்லி யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்ற என் வைராக்கியம் இப்படித்தான் முடிந்தது. சிவப்பு வயர். அடிக்கட்டைகளின் மேலே போட்டு, தையல்காரரின் கடை வாசலைக் கடந்து, மாஸ்டரின் ஜன்னல் வரை இழுத்தோம். ஒரு முனையைத் தையல்காரர் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். “மரம் இருந்திருந்தா கிளையில தொங்க விட்டிருக்கலாம்” என்றார். என்னைக் குத்த வேண்டுமென்று சொன்னாரா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை.

இயந்திரம் ஓடியது. உங்கள் கைதட்டல் ஓய்ந்து, இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பும்வரை ஓடியது.

முன்வரிசை இருக்கை காலியாக இருந்திருக்கும். நான் மாஸ்டர் வீட்டில் இருந்தேன்.

இனி உங்களுக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.


மே 18

அண்ணி,

உங்கள் அறிவிப்பு கிடைத்தது. மறுக்க ஒன்றுமில்லை. நீங்கள் எழுதாத ஒன்றை மட்டும் நான் எழுத வேண்டும்.

மேடையில் கேடயம் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார்” என்று படிக்கட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தால் துணிமறைவின் பின்பக்கம் தெரிகிறது. அடியிலிருந்து ஒரு சிவப்பு வயர் தெருவுக்குள் போவதைக் கண்டேன். எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு வயர் கிடையாது. எவனோ திருடுகிறான் என்று நினைத்துக் கோபமாக இறங்கினேன். கேடயம் கையிலேயே இருந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மரங்கள் இருந்தவரை அந்தத் தெருவில் நான் வேகமாக நடந்தது கிடையாது. அன்று ஓட வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. தையல்காரர் கடை வாசலில் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. “அப்படியே போங்க சார், வழி தவறாது” என்றார்.

மாஸ்டரின் ஜன்னலில் வயர் முடிந்தது. எட்டிப் பார்த்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நீங்கள். மடியில் பத்திரிகை. அவருக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து தூங்கிப் போயிருந்தீர்கள். வாய் திறந்திருந்தது, அண்ணி. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

என்னைப் பார்த்ததும் மாஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். உங்களை எழுப்பிவிடாதே என்று. இயந்திரத்தைக் காட்டி, நன்றி சொல்வது போலத் தலையை அசைத்தார். எனக்கு, அண்ணி! எனக்கு நன்றி! சூரிய ஒளியில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கையில் அந்தக் கேடயத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். வந்துவிட்டேன்.

உங்கள் முதல் கடிதத்துக்குப் பதில்: தெரியாமல். தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் கேட்டது ஒரு வார்த்தை. எனக்கு இவ்வளவு ஆகிவிட்டது.

நாளைக் காலையில் குழு கூடுகிறது. திரையைக் கொடுத்துவிட்டுப் பேட்டரியை வாங்க வேண்டும், உங்கள் தெருவுக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ஜெனரேட்டர் விஷயத்தையும் நானே பத்திரிகைகளுக்குச் சொல்லப் போகிறேன். என்னைத் தூக்கி எறிவார்கள். கேடயத்தை மேலாளரிடம் கொடுத்து, அந்த அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல கனம்.

முயல்


செப்டம்பர் 11

முயலுக்கு,

எழுத ஒன்றுமில்லை என்று முடித்தவள் எழுதுகிறேன். எழுத ஒன்று வந்துவிட்டது.

நீ தலைவர் பதவியில் இல்லை என்பதைப் பத்திரிகையில் படித்தேன். ‘சூரிய மனிதர்’ என்று எழுதியவர்களே ‘டீசல் மனிதர்’ என்று எழுதினார்கள். அந்தப் பத்திரிகையை நிறுத்திவிட்டேன். உன்னைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு. அவர்களுக்கு யார் கொடுத்தது?

திரையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பல் விளக்கும் நடிகரின் தொல்லை ஒழிந்தது. வெல்வெட் உறைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. தையல்காரர் கடையில் புதிதாக ஒரு மெத்தை கிடக்கிறது. நான் விசாரிக்கவில்லை.

இன்று காலை மின்சாரம் போனது. தையல்காரர் வழக்கம்போல ஏதோ சொல்லி வைது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். உன் கூரையும் செத்ததைப் பார்த்தேன். உள்விளையாட்டுக் கூடத்தின் விளக்குகள் அணைந்தன. மனசுக்குள் உனக்கு ஒரு நீளமான கடிதம் தயாராகத் தொடங்கியது. முதல் வாக்கியத்தை முடிக்கவில்லை, விளக்குகள் எரிந்துவிட்டன. நீ கேட்டுப் போராடிய பேட்டரியில் என் வீட்டு மின்விசிறியும் சுற்றியது.

மாடிப்படியில் இறங்கி ஓடினேன், என் வயதில் செய்யக் கூடாத காரியம். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மனைவிக்கு மின்சாரம் போனதே தெரியாது. “என்னக்கா, இப்படி மூச்சு வாங்குறீங்க?” என்றாள். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் மூக்கிலிருந்த குழாய் நழுவிவிட்டது.

அன்று ஓடியது டீசல் என்று மாஸ்டரிடம் இன்று சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்ன நன்றி நம் குடும்பத்துக்கு வேண்டாம். “டீசல் வாசனை எனக்குத் தெரியாதாம்மா? அவர் மூஞ்சியைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, அதான் தலையாட்டினேன்” என்றார்.

குறைகள் உண்டு. மாஸ்டரின் இயந்திரம் போக, வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு விசிறிக்குத்தான் கம்பி இழுத்திருக்கிறார்கள். தையல் இயந்திரத்துக்கு வரவில்லை என்று தையல்காரர் சண்டைக்கு நிற்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. புதிய தலைவருக்கு எழுதப் போகிறேன். என்னைப் பற்றி அவரை எச்சரித்து வை.

ஒன்றை மட்டும் நீ திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. இந்தத் தெருவில் இப்போது ஒரு நாய்கூடப் பகலில் படுப்பதில்லை. அடிக்கட்டைகளைக் கடந்து கடைக்குப் போய் வருவதற்குள் எனக்குக் கண் இருட்டுகிறது. இதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

என் வாய் திறந்திருந்தது என்று நீ எழுதியது அப்பட்டமான பொய். மாஸ்டரைக் கேட்டேன். அவரும் உன் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வா. உன் அண்ணனின் நாற்காலியைத் துடைத்து வைக்கிறேன். நேரத்தோடு வா, முன்னதாகவும் வேண்டாம். வரும்போது குடை கொண்டு வா. தெருமுனையிலிருந்து வீடு வரை நிழல் இல்லை.

அண்ணி